கல்லீரலில் உறங்கும் காய்ச்சல்

(மலேரியா எதிர்ப்பு மாதத்தையொட்டி, சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கிடையே ஒரு மாலைப் பொழுதை நமக்காக ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டல நல அலுவலர் அவர்களே, இந்த வட்டாரத்து மக்கள் பாதி ராத்திரியிலும் போன் செய்யத் தயங்காத ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அம்மையார் அவர்களே, வாடகை வாங்காமல் இந்தக் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டிருக்கும் பெரியவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டு வீடு வீடாக மொட்டைமாடி ஏறி இறங்கும் கொசு ஒழிப்புப் பணியாளர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். கட்டுமான ஒப்பந்ததாரர்கள் சிலரும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள். இன்றைய பேச்சில் பாதி உங்களுக்காக.

யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். பொன்னாடைகளுக்கு நன்றி. அடுத்த ஆண்டு பொன்னாடைக்குப் பதிலாகக் கொசுவலை போர்த்தினால் இன்னும் மகிழ்ச்சியடைவேன்.

மூன்று செய்திகள் சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். மலேரியாக் கிருமி கொசுக்கடியிலிருந்து கல்லீரல் செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பது ஒன்று. உள்ளே போனபின் என்ன செய்கிறது என்பது இரண்டு. தடுப்பூசி எந்த நிலையில் இருக்கிறது என்பது மூன்று. ஆரம்பிக்கும் முன் ஒரு பழமொழி. நெருப்பில் மிச்சம், கடனில் மிச்சம், நோயில் மிச்சம் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அணைத்த அடுப்பில் ஒரு கங்கு கிடந்தால் போதும், கூரை போய்விடும். இதை மனதில் வையுங்கள், திரும்பத் திரும்ப வருவேன்.

நமக்கெல்லாம் மலேரியா என்றால் ரத்தம் நினைவுக்கு வருகிறது. விரல் நுனியில் குத்துகிறார்கள், ஸ்லைடு எடுக்கிறார்கள், சிவப்பணுவுக்குள் கிருமி தெரிகிறது, குளிர் நடுக்கம், காய்ச்சல், வியர்வை. எல்லாம் சரி. ஆனால் கொசு கடித்த அன்று கிருமி ரத்தச் சிவப்பணுவைத் தொடுவதே இல்லை. முதலில் அது போய் இறங்கும் இடம் கல்லீரல்.

பெண் அனாபிலஸ் கொசு நோயாளியின் ரத்தத்தைக் குடித்த பிறகு, அதன் உடம்பில் கிருமி வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர ஏறத்தாழ ஒன்றரை வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகிறது. சூட்டைப் பொறுத்து முன்பின் ஆகும். சுரப்பியில் ஆயிரக்கணக்கில் நிற்கும் இந்த வடிவத்துக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். சற்றே வளைந்த ஊசிபோல் இருக்கும். நீளம் 10 முதல் 15 மைக்ரான், தடிமன் 1 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். சுரப்பியில் அத்தனை இருந்தும் ஒரு கடியில் தோலுக்குள் இறங்குவது சில பத்து, மிஞ்சினால் ஓரிரு நூறு. அவ்வளவுதான் படை.

அவை இறங்குவதும் நேராக ரத்தக்குழாயில் இல்லை, தோலில். அங்கிருந்து நகர வேண்டும். காலும் கிடையாது, வாலும் கிடையாது. தன் மேற்பரப்பில் ஒரு பிசின்போன்ற புரதத்தை முன்பக்கம் வெளியிட்டு எதிரே உள்ளதைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தசைப்புரத மோட்டார் அந்தப் பிடியைப் பின்னுக்குத் தள்ள, உடம்பு முன்னால் வழுக்கிப் போகிறது. கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் படகு போவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. வேகம் நொடிக்கு 1 முதல் 2 மைக்ரான். அந்த அளவுள்ள உயிருக்கு இது ஓட்டம். பாதிக்கும் மேல் தோலிலேயே வழிதப்பிச் சாகலாம். சில நிணநீர்க் குழாயில் போய் மாட்டும். மிச்சம் ஒரு ரத்த நுண்குழாயைக் கண்டுபிடித்துத் துளைத்து ஏறிவிட்டால், பிறகு ரத்த ஓட்டமே தூக்கிப் போகிறது. ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரல் வழியாகப் பாய்வதால் அங்கே போய்ச்சேர அதிக நேரம் ஆகாது.

ஆனால் உடம்பு முழுக்கச் சுற்றுகிற கிருமிக்கு 'இதுதான் கல்லீரல், இறங்கு' என்று யார் சொல்கிறார்கள்? கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரில் சல்லடைபோல் துளைகள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் பத்தில் ஒரு மைக்ரான். அந்தத் துளைகள் வழியே கல்லீரல் செல்களைச் சார்ந்த ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கல்லீரலில் இருப்பவற்றில் மட்டும் கந்தக அணுக்கூட்டம் ஏராளம். தோலிலும் மற்ற இடங்களிலும் உள்ளவற்றில் குறைவு. ஸ்போரோசோயிட்டின் உடம்பெல்லாம் போர்த்தியிருக்கும் சிஎஸ்பி என்ற புரதம் இந்தக் கந்தகம் மிகுந்த சங்கிலியில்தான் ஒட்டும். இருட்டில் கதவைத் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுகொள்கிற மாதிரி. தடுப்பூசிக்காரர்கள் குறிவைப்பதும் இந்தச் சிஎஸ்பியைத்தான். அது மூன்றாவது செய்தியில் வரும்.

ஒட்டியாயிற்று, ஆனால் துளை பத்தில் ஒரு மைக்ரான், கிருமி ஒரு மைக்ரான். நுழைய முடியாது. அதனால் நுண்குழாயின் சுவர்ச் செல்லையோ, காவலுக்கு உட்கார்ந்திருக்கும் குப்ஃபர் செல்லையோ துளைத்துக்கொண்டு போகிறது. குப்ஃபர் செல் என்பது கண்டதையும் விழுங்கிச் செரிக்கிற வெள்ளணுக் குடும்பத்தைச் சேர்ந்தது. காவல்காரனின் உடம்பு வழியாகவே புகுந்து திருடன் உள்ளே போவதுபோல. அதற்கென்றே செல் சவ்வில் ஓட்டை போடும் புரதங்களை வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்தப் புரதங்களின் மரபணுவை நீக்கிவிட்டுப் பார்த்தால், கிருமி வாசலிலேயே சிக்கிக்கொள்கிறது. தொற்று வெகுவாகக் குறைகிறது.

சுவரைத் தாண்டியதும் முதல் கல்லீரல் செல்லில் தங்கிவிடுகிறதா என்றால், அதுதான் இல்லை. ஒரு செல்லைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் வெளியே வருகிறது. அடுத்ததும் அப்படியே. இப்படிச் சில செல்களைக் காயப்படுத்திவிட்டு, ஏதோ ஒன்றில் மட்டும் நிதானமாகக் குடியேறுகிறது. அந்தக் குடியேற்றம் வேறு மாதிரி நடக்கிறது. இந்த முறை சவ்வு கிழிவதில்லை. சிஎஸ்பியின் ஒரு பகுதி வெட்டுப்பட்டு, கீழே மறைந்திருந்த ஒட்டும் பகுதி வெளிப்படுகிறது. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் சிடி81 என்றொரு புரதம் இருக்கிறது. மனிதனைத் தாக்கும் மலேரியாக் கிருமிகளில் முக்கியமான இரண்டு வகைகள் ஃபால்சிபாரம், வைவாக்ஸ். ஃபால்சிபாரம் வகைக்கு அது வேண்டும். வைவாக்ஸ் வகை எஸ்ஆர்-பி1 என்ற வேறொன்றைப் பயன்படுத்துகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸும் அதே சிடி81 வழியாகத்தான் வருகிறது, ஒரே திண்ணையில் இரண்டு திருடர்கள். பிறகு, ஊதிய பலூனில் விரலை அழுத்தினால் ரப்பர் குழிந்து விரலைச் சுற்றிக்கொள்ளுமே, அப்படிச் செல்லின் சவ்வே குழிந்து கிருமியைச் சுற்றி ஒரு பையாகிவிடுகிறது. சில நிமிட வேலை.

அந்தப் பைதான் சூட்சுமம். வெறுமனே உள்ளே விழுந்த பொருளைச் செல் தன் செரிமானப் பைகளோடு சேர்த்துக் கரைத்துவிடும். கிருமி அந்தப் பையின் சவ்வில் தன் சொந்தப் புரதங்களைப் பதித்துவிடுவதால் கரைப்பு நடப்பதில்லை. சத்து மட்டும் உள்ளே வருகிறது. ஊசி வடிவம் போய் உருண்டை ஆகிறது. ஒன்று இரண்டாகப் பிரிவது என்ற பேச்சே கிடையாது. உட்கரு மட்டும் பெருகிக்கொண்டே போய், கடைசியில் ஒரே நேரத்தில் மெரோசோயிட் என்ற ஆயிரக்கணக்கான குட்டிக் கிருமிகளாகச் சிதறுகிறது. வைவாக்ஸில் ஒரு செல்லிலிருந்து சுமார் 10,000. ஃபால்சிபாரத்தில் 30,000, 40,000 வரை. 20, 30 மைக்ரான் இருந்த கல்லீரல் செல் இரு மடங்கு வீங்கிவிடும். ஃபால்சிபாரத்துக்கு ஆறேழு நாள், வைவாக்ஸுக்கு எட்டு நாள் அளவில் இந்த வேலை முடிகிறது.

வெளியே வரும் விதத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. 2006-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மெரோசோயிட்டுகள் தனித்தனியாகக் குதித்தால் பக்கத்திலிருக்கும் குப்ஃபர் செல்கள் பொறுக்கித் தின்றுவிடும். ஆகவே செத்துக்கொண்டிருக்கும் கல்லீரல் செல்லின் சவ்வையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு மூட்டை மூட்டையாக நுண்குழாய்க்குள் நழுவுகின்றன. 'நான் செத்த செல், என்னைத் தின்னு' என்று சாகும் செல் வெளியே காட்டும் அடையாளத்தைக்கூட அந்த மூட்டை காட்டுவதில்லை. நுரையீரல் வரை போய் அங்கே அவிழ்கிறது. அப்போதுதான் சிவப்பணுக்களின் முறை.

இத்தனையும் நடக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. கல்லீரலில் நூறு பில்லியனுக்கு மேல் செல்கள். அதில் சில பத்து கெட்டுப்போனால் வலிக்குமா, மஞ்சள்காமாலை வருமா? ஸ்லைடிலும் தெரியாது, விரைவுப் பரிசோதனைக் கீற்றிலும் தெரியாது. 'நேற்று ராத்திரி கொசு கடித்தது, இன்று காய்ச்சல், மலேரியா டெஸ்ட் எழுதுங்கள்' என்று மருத்துவரைப் படுத்தாதீர்கள். கடித்த ஒரு வாரத்துக்குள் வரும் காய்ச்சலுக்கு அந்தக் கடி காரணமாக இருக்காது. போன மாதத்துக் கடியாக இருக்கலாம், அதனால் டெஸ்ட் எடுங்கள், தேதியை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

1880-இல் அல்ஜீரியாவில் லவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் ரத்தத்தில் கிருமியைப் பார்த்தார். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் பார்த்தார். கொசுவிலிருந்து மனிதனுக்கு, மனிதனிலிருந்து கொசுவுக்கு என்று வட்டம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. ஒரு கணக்குத்தான் உதைத்தது. கொசு கடித்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் ரத்தத்தில் எதுவுமே இல்லையே, அந்த ஒரு வாரம் கிருமி எங்கே போயிற்று? 1903-இல் ஜெர்மனியின் ஷௌடின் என்ற பெரிய விஞ்ஞானி எழுதினார்: ஸ்போரோசோயிட் நேராகச் சிவப்பணுவுக்குள் நுழைவதை என் கண்ணாலேயே பார்த்தேன் என்று. சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் அவர். அப்படிப்பட்டவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? வேறு எவருக்கும் அது தெரியவில்லை, இருந்தாலும் நாற்பது ஆண்டுக்கு மேல் உலகம் நம்பியது. பெரியவர் பார்த்தேன் என்றால் நாமும் பார்த்ததாக ஆகிவிடுகிறது, நம் ஊரிலும் நடப்பதுதானே!

பிறகு இரண்டாம் உலகப்போர். நியூகினிக் காட்டில் ஆஸ்திரேலியப் படைக்குக் குண்டைவிட மலேரியா பெரிய எதிரியாக இருந்தது. ஃபேர்லி என்ற மருத்துவர் கெய்ர்ன்ஸ் நகரில் ஓர் ஆய்வுப் பிரிவை அமைத்தார். தாமாக முன்வந்த படைவீரர்களைத் தொற்றுள்ள கொசுக்கள் கடித்தன. கடிபட்டவரிடமிருந்து வெவ்வேறு நேரங்களில் ரத்தத்தை எடுத்து, நூற்றுக்கணக்கான மில்லி அளவில், இன்னொரு தொண்டரின் உடம்பில் ஏற்றினார். வாங்கியவருக்கு மலேரியா வந்தால், அந்த நேரத்தில் ரத்தத்தில் கிருமி இருந்திருக்கிறது என்று பொருள். கணக்கு எளிது, துணிச்சல்தான் பெரிது. என்ன தெரிந்தது? கடித்த அரைமணி வரை எடுத்த ரத்தம் நோயைக் கொடுத்தது. அதன்பிறகு எடுத்தது கொடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள், ரத்தம் சுத்தம். ஃபால்சிபாரத்தில் ஆறு நாள் கழிந்ததும், வைவாக்ஸில் எட்டு நாள் கழிந்ததும் திடீரென்று மறுபடி நோய் கொடுத்தது. ரத்தத்தை விட்டு எங்கோ போய் ஒளிந்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஷௌடின் பார்த்தது எதுவோ, அது இதுவல்ல.

எங்கே ஒளிகிறது? பறவை மலேரியாவில் ரத்தக்குழாய்ச் சுவர் போன்ற செல்களில் ஒளிந்திருப்பதை முன்பே கண்டிருந்தார்கள். அதனால் எல்லாரும் மண்ணீரலையும் எலும்பு மஜ்ஜையையும் துருவினார்கள். வீடு மாறி வாசலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகளில் மலேரியாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கிருமி கல்லீரல் செல்லிலேயே வளர்வதைக் கார்ன்ஹாம் என்ற விஞ்ஞானி பார்த்தது துப்பாக அமைந்தது. லண்டனில் கார்ன்ஹாமும் ஷார்ட்டும் ஒரே ஒரு ரீசஸ் குரங்குக்குத் தொற்றேற்ற 500 கொசுக்களைப் பயன்படுத்தினார்கள். ஏன் 500? முன்பே சொன்னேன், ஒரு கடிக்குச் சில பத்துதான். நூறு பில்லியன் செல்லில் சில பத்தைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது. அதனால் ஊசிகளை அள்ளிப் போட்டுவிட்டுத் தேடினார்கள். ஏழு நாள் கழித்துக் கல்லீரலைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தபோது, செல்லுக்குள் கிருமி பெருத்துக் கிடந்தது. 1948-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு மனிதத் தொண்டரின் கல்லீரலில் வைவாக்ஸும், அடுத்த ஆண்டு ஃபால்சிபாரமும் கண்டார்கள்.

இதில் நமக்குப் பெருமை ஒன்று உண்டு. ஹென்றி ஷார்ட் லண்டனுக்குப் போகுமுன் இந்திய மருத்துவப் பணியில் நெடுநாள் இருந்தவர். இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் போய்ச்சேரும் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராகவும் இருந்தார். கல்லீரல் கண்டுபிடிப்பின்போது அவர் வயது 60. ஓய்வுபெற்றோர் சங்க நண்பர்கள் கைதட்டலாம். அதன்பிறகு நூறு வயது வரை வாழ்ந்தார்.

சரி, இரண்டாவது செய்தி. என் சண்டை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஃபால்சிபாரத்தில் கல்லீரலுக்குப் போன எல்லாமும் ஒரே மூச்சில் வளர்ந்து வெளியேறிவிடுகின்றன. வைவாக்ஸில் அப்படி இல்லை. சில உடனே வளர்கின்றன. சில 4, 5 மைக்ரான் உருண்டையாக, ஒற்றை உட்கருவோடு, அப்படியே தூங்கிவிடுகின்றன. 1980-களின் தொடக்கத்தில் க்ரோடோஸ்கி என்பவரும் கார்ன்ஹாம் குழுவும் ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு கல்லீரலில் இவற்றை அடையாளம் கண்டார்கள். கிரேக்கத்தில் தூக்கத்தைக் குறிக்கும் சொல்லை வைத்து ஹிப்னோசோயிட் என்கிறார்கள். ஓவலே என்ற வகையிலும் இது உண்டு. வெப்பநாட்டு வைவாக்ஸ் சில வாரங்களிலேயே எழும். குளிர்நாட்டு வகை எட்டு, பத்து மாதம்கூடத் தூங்கும். எழுந்தால் மறுபடி காய்ச்சல், மறுபடி ரத்தத்தில் கிருமி, மறுபடி நம் மொட்டைமாடித் தொட்டியில் பிறந்த ஸ்டெபன்சி என்ற அனாபிலஸ் கொசுவுக்கு விருந்து. கொசுவே கடிக்காமல் வரும் மலேரியா! நெருப்பில் மிச்சம், கடனில் மிச்சம் என்றேனே, அந்த மிச்சம் இதுதான்.

குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதைக் கொல்லும். தூங்குகிறதைத் தொடவே தொடாது. தூங்குகிறதைக் கொல்ல ப்ரைமாகுயின் வேண்டும். கொரியப் போரிலிருந்து கப்பலில் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குத் தினம் 15 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுத்தார்கள். நம் நாட்டில் இன்றும் அதே கணக்கு: கிலோ எடைக்கு 0.25 மில்லிகிராம், 14 நாள். பெரியவர்களுக்கு 7.5 மில்லிகிராம் மாத்திரை தினம் இரண்டு, மொத்தம் 28 மாத்திரை. முதல் மூன்று நாள் கூடவே குளோரோகுயின்: நான்கு, நான்கு, இரண்டு மாத்திரை. பிள்ளைகளுக்கு எடை பார்த்து மருத்துவர் எழுதுவார்.

என்ன தவறுகிறது? மூன்றாம் நாள் காய்ச்சல் விடுகிறது, மாத்திரையும் விடுகிறது. அவ்வளவுதான். மறுபடி ஸ்லைடு எடுத்தால் நெகட்டிவ். 'நெகட்டிவ் வந்தாச்சு, இன்னும் எதுக்கு மாத்திரை?' என்று கேட்கிறார்கள். ஸ்லைடு பார்ப்பது ரத்தத்தை, மாத்திரை போவது கல்லீரலுக்கு. வெறும் வயிற்றில் விழுங்கி வயிறு எரிந்து நிறுத்துகிறவர்கள் உண்டு, சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டும். விழுங்கிய அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் நான்காக விழுங்கக் கூடாது. தவறியதைக் கடைசியில் சேர்த்து 28-ஐ முடிக்க வேண்டும். ப்ரைமாகுயினில் மொத்த அளவுதான் கணக்கு. பாதியில் விட்டால் பாதி நோய் தீரும் என்று கிடையாது, கங்கு ஒன்று மிஞ்சினாலும் மிச்சம் மிச்சம்தான். சிலருடைய கல்லீரலில் இந்த மருந்தை வேலைசெய்யும் வடிவுக்கு மாற்றும் நொதி பிறவியிலேயே மந்தமாக இருக்கும். அவர்களுக்கு ஒழுங்காகச் சாப்பிட்டும் திரும்பலாம். அது தனி. அதைச் சாக்காகச் சொல்லி யாரும் தப்பிக்க வேண்டாம்.

பாம்பும் சாக வேண்டும், கம்பும் ஒடியக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ப்ரைமாகுயின் சிவப்பணுக்களை உடைக்கும். பரிசோதனை வசதி உள்ள இடத்தில் முதலில் அதைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இல்லாத இடத்தில் கண்காணிப்போடுதான் கொடுக்க வேண்டும். குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை வீதம் எட்டு வாரம் கொடுக்கும் முறை உண்டு, மருத்துவர் கண்முன். சிறுநீர் கறுத்த காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே மாத்திரையை நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மாத்திரையை எடுத்து விழுங்குவது, அம்மா, தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, செவிலியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தம் ஏற்றியதால் வந்த வைவாக்ஸுக்கு இந்த 14 நாள் தேவையில்லை. ரத்தத்திலிருந்து வந்த கிருமி கல்லீரலுக்குத் திரும்பிப் போவதில்லை, போகவும் தெரியாது. கல்லீரலுக்குப் போகத் தெரிந்தது கொசு கொடுக்கும் ஸ்போரோசோயிட் ஒன்றுதான்.

நம் கடல்தாண்டி இலங்கையைப் பாருங்கள். 1934-35-இல் அங்கே மலேரியாவுக்குப் பலியானவர்கள் சுமார் 80,000 பேர். பிறகு மருந்து தெளித்துத் தெளித்து 1963-இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 17! ஜெயித்துவிட்டோம் என்று தெளிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. மழை பொய்த்து ஆற்றுப்படுகையில் நீர் குட்டைகுட்டையாக நின்றபோது கொசு பெருகியது. 1969-இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நோய். நெருப்பில் மிச்சம். மறுபடி பல பத்தாண்டு உழைத்து, ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து, 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்றே இல்லை என்றாக்கி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வாங்கினார்கள், அதுவும் இடையே அத்தனை போரைத் தாண்டி. நம் நாடு 2027-க்குள் உள்ளூர்த் தொற்றைப் பூஜ்யமாக்க இலக்கு வைத்திருக்கிறது.

ஆகவே ஒப்பந்ததாரர் நண்பர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். கட்டடத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் சிமென்ட் தொட்டியை வாரம் ஒருமுறை காய விடுங்கள், மூடி போடுங்கள் என்று பணியாளர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது வேறு. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து உங்களிடம் வேலை செய்யும் பையனுக்கு வைவாக்ஸ் என்று வந்தால், அந்த 14 நாளும் அவனை வேறு சைட்டுக்கு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அவனோடு அட்டையும் போகட்டும்.

என்ன அட்டை? இதோ. ஒரு பக்கம் 14 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை மாத்திரை, எந்தச் சாப்பாட்டுக்குப் பின், சிறுநீர் நிறம் சரியா, விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவர் கையெழுத்து. மறுபக்கம் எடை, ஜி6பிடி முடிவு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் போன் எண். தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் நான்கிலும் அச்சடிக்கலாம். மேஸ்திரி காலைச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நிமிடம். மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுவது சிகிச்சை ஆகாது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் அச்சுச் செலவை வார்டு நிதியில் பார்க்கலாம் என்று இப்போது தலையசைத்தார்கள். எல்லாரும் பார்த்தீர்கள், சாட்சி நீங்கள். ஓட்டல்காரர்கள், துணிக்கடைக்காரர்கள், விடுதி நடத்துகிறவர்கள், உங்களுக்கும் இதே அட்டைதான்.

ஒற்றை வேளையில் முடியும் டாஃபெனோகுயின் வந்திருக்கிறதே, இந்த அட்டை எதற்கு என்று மருத்துவ மாணவர் ஒருவர் வாசலில் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அது உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். ஜி6பிடி குறைவானவருக்குக் கொடுத்துவிட்டால் நிறுத்த வழியே இல்லை. அதனால் அளவு காட்டும் பரிசோதனையில் நொதி 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ப்ரைமாகுயினில் நாளைக்கு மாத்திரையைக் கொடுக்காமல் இருக்கலாம். அந்த நாளையும் அட்டைதான் காட்டும்.

மூன்றாவது செய்தி தடுப்பூசி. தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், சாப்பாடு ஆறுகிறதாம். ஒரே வரி: 2021-இல் ஆர்டிஎஸ்,எஸ், 2023-இல் புனேயில் தயாராகும் ஆர்21, இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது, இரண்டுமே அந்தச் சிஎஸ்பியைக் குறிவைப்பவை, இரண்டுமே ஃபால்சிபாரத்துக்கானவை. நம் ஊர் வைவாக்ஸுக்கு அல்ல. மிச்சத்தை இன்னொரு மேடையில் சொல்கிறேன். இது ஒன்றில் மட்டும் மிச்சம் வைக்க அனுமதி கொடுங்கள்.

இன்னொரு சீட்டும் வந்திருக்கிறது, தாய்மார்கள் பக்கத்திலிருந்து. 'கர்ப்பிணிக்கு ப்ரைமாகுயின் கூடாது என்றீர்களே, அப்போது அவளுக்குள் தூங்குகிறதை என்ன செய்வது?' இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். ரத்தத்தில் உள்ளதைக் குளோரோகுயினால் தீர்த்துவிட்டு, தேவைப்பட்டால் பிரசவம் வரை வாரம் ஒருமுறை குளோரோகுயின் கொடுத்து எழ விடாமல் அடக்கி வைப்பார்கள். குழந்தை பிறந்தபின், பாலூட்டும் நிலையையும் ஜி6பிடியையும் பார்த்து, மருத்துவர் 14 நாளைத் தொடங்குவார். பிரசவக் களேபரத்தில் அந்தத் தேதியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதனால் அட்டையின் அடியில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்: 'பிரசவத்துக்குப் பின் தொடங்க வேண்டிய தேதி'. மாதிரி அட்டைகள் வாசல் மேசையில், பந்திக்குப் போகிற வழியில் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.